ஏஐயிடம் வினாத்தாள் கேட்கும் ஆசிரியர்களுக்கு

"ஒளிச்சேர்க்கையில் 10 கேள்வி கொடு" என்று மட்டும் சாட்ஜிபிடியிடம் கேட்டால் பொதுப்படையாகத்தான் வரும். பாடப் பகுதியை அப்படியே ஒட்டி, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியையும் கேளுங்கள். அந்த வரி பாடத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாததையும் இருப்பதுபோல் எழுதிவிடும்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வி என்றால், தவறான தெரிவுகளில்தான் உண்மையான வேலை. மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடங்களை (செடி இரவில் மட்டுமே சுவாசிக்கும் என்பதுபோல) நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பல நேரம் சரியான விடை மட்டும் நீளமாக இருக்கும், படிக்காதவனும் கண்டுபிடித்துவிடுவான்! தெரிவுகளின் வரிசையையும் கலைத்துப் போடுங்கள்.

பிறகு புதிய உரையாடலில், விடைக்குறிப்பு இல்லாமல், அதே கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். விடை மாறினால் முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள்.