அக்காவின் பசி பொய்யில்லை

தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் விடியற்காலை நடந்து, நாலு மாதத்தில் 9 கிலோ குறைத்தாள் என் அக்கா. இப்போது ராத்திரி 11 மணிக்குப் பசி தாங்காமல் எழுந்துவிடுகிறாள். நேற்று மீன்குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, அப்படியே மூடிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்து படுத்தாள். கண் கலங்கியிருந்தது. "வாயைக் கட்டத் தெரியல" என்று உறவுக்காரர்கள் சொன்ன சொல்தான் காரணம்.

இது வாய் விஷயமே இல்லைங்க. நம் கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன, 1994இல் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியையும் குறைத்துவிடுகிறது. போதாததற்கு, வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினும் ஏறிவிடும். முன்பு சாப்பிட்ட அதே அளவு சாப்பாட்டில் இப்போது எடை ஏறுவதும் அதனால்தான். அப்புறம் அவளை எப்படிக் குறை சொல்வது?

இன்று ராத்திரிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து வைத்திருக்கிறேன். பசித்தால் உட்கார்ந்து சாப்பிடட்டும்.