சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் படித்த நாடு

அமெரிக்காவில் எங்களுக்கு முதலில் வாய்த்த வீடு, சிகாகோவுக்கு மேற்கே அரோரா நகரில், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஈயோலா யார்டின் ஷண்டிங் சத்தம் எட்டும் தொலைவில் இருந்தது. அந்தச் சத்தத்துக்காக வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த ஒருவனுக்குக் கூட்ஸ் வண்டியின் ஓசை ஒரு குறையே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓட்டுநர் உரிமம் கைக்கு வரும்வரை வெளியே எங்கும் போக வழியில்லாத அந்தக் குளிர்காலத்தில், பாலத்தின் மேல் நின்று கடந்துபோகும் பெட்டிகளின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஊரில் எந்த மண்டலத்தின் எழுத்து இருந்தாலும் வேகன்களுக்குப் பெரும்பாலும் உடைமையாளர் அரசு ஒன்றுதான். இங்கோ ஒரே வண்டியில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் பெட்டிகள் முன்பின் கலந்து போய்க்கொண்டிருந்தன. கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அடுத்தவர் சொத்து இவர்கள் வண்டியில் எப்படி வந்தது, அதற்கு யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது.

அதற்கு விடை சொன்னவர் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த பெரியவர். 1950களில் பர்லிங்டன் ரயில் நிறுவனத்தில் யார்டு கிளார்க்காக வேலை பார்த்தவர். தம்மைப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். எனக்கு நாக்கு வரவில்லை, கடைசிவரை ‘சார்’ என்றே கூப்பிட்டேன். யூனியன் என்ற சிற்றூரில் உள்ள இல்லினாய் ரயில் அருங்காட்சியகத்துக்கு என்னை முதன்முதலாக அழைத்துப் போனவரும் அவரே. பழைய பெட்டிகள் வரிசையாக நிற்கும் கொட்டகைகளில் நடந்தபடி, தாம் வேலை பார்த்த காலத்தில் இந்த நாட்டின் சரக்குப் பெட்டிகள் எந்த ஒழுங்கில் ஓடின என்பதை அவர் எனக்குப் பாடம்போல் சொல்லிக் கொடுத்தார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தண்டவாளங்களில் ஏறத்தாழ 20 லட்சம் சரக்குப் பெட்டிகள் இருந்தன. அவற்றை வைத்திருந்தவை நூற்றுக்கணக்கான ரயில் நிறுவனங்களும் தனியார் குழுமங்களும். ஒரு பெட்டி தன் நிறுவனத்தின் பாதையில் மட்டுமே ஓடும் என்றால், கலிபோர்னியா ஆரஞ்சு நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் வழியில் நாலைந்து இடங்களில் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். எனவே எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்தின் பாதையிலும் போகலாம் என்று அவர்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். அந்த உடன்பாடு நிலைக்க வேண்டுமானால், பெட்டி யாருடையது, என்ன வகையானது, எவ்வளவு தாங்கும் என்பதை அதைப் பார்த்திராத ஊர்க்காரரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ள வேண்டும். 1934-இல் அமைந்த அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சங்கம் இதற்கான விதிகளை நடத்தி வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருந்த பெட்டிகளின் எண் வரிசை, உள்ளளவு, கதவின் அகலம், தாங்கும் எடை எல்லாவற்றையும் தொகுத்து ஒரு தடித்த பதிவேடு குறிப்பிட்ட கால இடைவெளியில் அச்சாகி வந்தது. பெரியவர் வீட்டு அலமாரியில் அதன் பழைய பிரதி ஒன்று இருந்தது. தொலைபேசி அடைவைப்போலத் தலையணை கனம்.

உடைமையாளரைக் காட்டும் எழுத்துகளைப் பற்றி முதலில் சொன்னார். ‘ஏடிஎஸ்எஃப்’ என்றால் சான்டா ஃபே, ‘பிஆர்ஆர்’ என்றால் பென்சில்வேனியா. அந்த எழுத்துத் தொகுப்பு எக்ஸில் முடிந்தால் பெட்டி ரயில் நிறுவனத்துடையது அன்று, தனியாருடையது. எண்ணெய் ஏற்றும் டேங்கர்களில் காணப்படும் ‘யுடிஎல்எக்ஸ்’ அப்படிப்பட்டது. இந்த ஓர் எழுத்தில் பெரிய பண வேறுபாடு அடங்கியிருந்தது. ரயில் நிறுவனத்தின் பெட்டி அடுத்தவர் பாதையில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நாள் வாடகை உண்டு. தனியார் பெட்டிக்கோ அது ஓடிய மைல் கணக்கில் பணம் கொடுத்தார்கள். ஓடாமல் நின்றால் தனியாருக்கு வருமானம் இல்லை.

அடுத்தது வகைக் குறியீடு. சங்கத்தின் அட்டவணையில் முதல் எழுத்து பெட்டியின் குலத்தைச் சொல்லும், அடுத்து வருவது அதன் உட்பிரிவை. மூடிய பெட்டிகளுக்கு எக்ஸ். அவற்றுள் எதையும் ஏற்றத்தக்க சாதாரணப் பெட்டி ‘எக்ஸ்எம்’. குளிரூட்டும் பெட்டிக்கு ஆர், கால்நடைப் பெட்டிக்கு எஸ், டேங்கருக்கு டி, அடிக்கதவு வழியாக நிலக்கரி கொட்டும் ஹாப்பருக்கு எச், திறந்த தொட்டிப் பெட்டிக்கு ஜி, தட்டைப் பெட்டிக்கு எஃப். தெற்கு மாநிலங்களின் தர்ப்பூசணிக்குக் காற்றோட்ட வசதி வைத்துச் செய்த பெட்டிகளுக்கு வி என்று தனியாகவே ஒரு குலம் இருந்தது. இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. மேலே மூடியுள்ள ஹாப்பரை ஹாப்பர் இனத்தில் சேர்க்காமல், எங்கும் சேராதவற்றுக்கென வைத்திருந்த ‘எல்’ வகுப்பில் போட்டு ‘எல்ஓ’ என்று பெயரிட்டிருந்தார்கள். சிமென்ட் போன்ற சில சரக்குகளுக்கு மட்டுமே பயன்பட்ட அந்தப் பெட்டிதான் பிற்பாடு தானியப் போக்குவரத்து முழுவதையும் எடுத்துக்கொண்டது.

எந்தப் பெட்டியைக் காட்டினாலும் பெரியவரின் விரல் கடைசியில் அதன் இடப்பக்கக் கீழ்ப்பகுதிக்குத்தான் போகும். அங்கே வெள்ளை எழுத்தில் மூன்று வரிகள் இருக்கும்: கொள்திறன் 1,00,000 பவுண்டு, சுமை வரம்பு 1,24,000, வெற்றெடை 45,000. கொள்திறனைவிடச் சுமை வரம்பு எப்படி அதிகமாக இருக்க முடியும் என்று கேட்டேன். கொள்திறன் என்பது அச்சுகளின் வகையைச் சொல்லும் வட்டத் தொகை என்றார். 50 டன் வகையைச் சேர்ந்த நான்கு அச்சுப் பெட்டி, சுமையோடு சேர்த்து, தண்டவாளத்தின் மேல் 1,69,000 பவுண்டுக்கு மிகக் கூடாது. அதிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் வருவதே மெய்யான வரம்பு. கீழிரண்டு வரிகளைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. வெற்றெடைக்குப் பக்கத்தில் ஒரு மாதமும் ஆண்டும், எடை போட்ட இடத்தின் குறியும் இருந்தன. மரம் ஈரம் உறிஞ்சும், பழுதுபார்ப்பில் பாகங்கள் மாறும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலிப் பெட்டியை மீண்டும் எடை போட்டுத் தேதியோடு எழுதினார்கள். சரக்குக் கட்டணம் எடைக்கு வாங்கப்பட்டது. எடை மேடையில் வந்த மொத்தத்திலிருந்து பெட்டியில் எழுதியுள்ள வெற்றெடையைக் கழித்துத்தான் பில் போட்டார்கள். பெட்டியில் எழுதிய எண் தப்பாக இருந்தால் ஒருவர் பணம் இன்னொருவர் பைக்குப் போய்விடும். ஓர் எழுத்துகூட அங்கே அலங்காரத்துக்காக இல்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கிற்று.

நாள் வாடகைக் கணக்கு இதைவிடச் சுவையானது. நள்ளிரவு 12 மணிக்குப் பெட்டி எந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறதோ, அந்த நிறுவனமே அன்றைய வாடகையைக் கொடுக்க வேண்டும். சிகாகோ நகரில் 20-க்கும் மேற்பட்ட ரயில் நிறுவனங்களின் பாதைகள் வந்து கூடின. இரவு 11 மணிக்கு மேல் கைமாற்றுத் தடங்களை நோக்கி எஞ்சின்கள் எவ்வளவு அவசரமாக ஓடும் என்பதைப் பெரியவர் கையை ஆட்டி விவரிப்பார். அடுத்தவர் பெட்டிகளை 11.50-க்குத் தள்ளிவிட்டால் ஒரு நாள் வாடகை மிச்சம். வாங்கிக்கொள்ளும் பக்கத்துக் கிளார்க், நேரத்தைத் தம் கடிகாரத்தில் பார்த்து எழுதுவார். பனி கொட்டும் இரவுகளில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் பெட்டி எண்களை வரிசையாகக் குறித்துப்போன அவருடைய விரல்கள், எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் சட்டைப் பையில் பென்சிலைத் தேடும்.

அடுத்தவர் பெட்டி காலியானதும் அதை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றும் இருக்கவில்லை. அதன் சொந்தப் பாதைக்கோ அந்தத் திசைக்கோ போகும் சரக்கை ஏற்ற வேண்டும். அப்படிச் சரக்கு கிடைக்காவிட்டால் வந்த வழியே காலியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். விதி நல்ல விதிதான், கடைப்பிடித்தவர்கள்தான் குறைவு. அறுவடைக் காலத்தில் கையில் கிடைத்த பெட்டியில் ஏற்றுவதே வழக்கம். கிழக்கே உள்ள சில நிறுவனங்கள், சொந்தமாகப் பெட்டி வாங்குவதைவிட மற்றவர் பெட்டிக்கு வாடகை கொடுப்பது மலிவு என்று இருந்துவிட்டன என்பது மேற்கத்திய நிறுவனங்களின் ஓயாத புகார். தட்டுப்பாடு முற்றும்போது, 1917-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு, மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் தலையிட்டுப் பெட்டிகளை எங்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது. பெட்டியைச் சும்மா நிறுத்தி வைக்கும் வியாபாரிக்கோ டெமரேஜ் இருந்தது: ஏற்ற இறக்க 48 மணி நேரம் இலவசம், அதற்கு மேல் நாளுக்கு நாள் அபராதம்.

தாளில் ‘எக்ஸ்எம்’ என்று ஒரே பெயரில் இருந்த பெட்டிகள் யார்டில் ஒரே தகுதியுடன் இருக்கவில்லை. பரிசோதகர்கள் உள்ளே ஏறி, தரைப் பலகை, சுவர், கூரை, வாசனை எல்லாவற்றையும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். மாவும் சர்க்கரையும் ஏற்றத் தக்கது முதல் தரம். ஓட்டை இல்லாதது தானியத்துக்கு. மற்றவை மரத்துக்கும் இரும்புக்கும் போயின. பதனிடாத தோல் ஏற்றிய பெட்டி அதன் நாற்றம் காரணமாகத் தோலுக்கே ஒதுக்கப்பட்டது. இந்தத் தரம் எந்தப் பதிவேட்டிலும் அச்சாகவில்லை. பெட்டியின் மரப்பலகையில் ஆணியடித்த ஓர் அட்டையில் மட்டும் இருக்கும்.

தானியம் ஏற்றியதை அருங்காட்சியகத்தில் ஒரு 40 அடிப் பெட்டிக்குள் ஏறி நின்றபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். கதவு பக்கவாட்டில், ஆறடி அகலத்தில் இருக்கிறது. கதவை வெறுமனே சாத்தினால் கோதுமை இடுக்கு வழியாக வழிந்துவிடும். அதனால் கதவுக்கு உட்புறமாகப் பலகைத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணியடித்தார்கள்; பின்னாளில் இரும்புப் பட்டை பதித்த கனமான காகிதத் தடுப்புகள் வந்தன. தடுப்பின் மேல் விட்ட இடைவெளி வழியாகக் குழாயை நுழைத்து நிரப்பினார்கள். கோதுமை கனம், ஓட்ஸ் லேசு என்பதால் எந்தத் தானியத்தை எந்த உயரம்வரை நிரப்பலாம் என்று உட்சுவரில் கோடுகள் வரைந்திருக்கின்றன. மங்கிப்போன அந்தக் கோடுகளின் மேல் நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்தோம். கோதுமையானால், புஷல் என்ற அமெரிக்கத் தானிய அளவையில், சுமார் 2,000 பிடிக்கும். இறக்கும் இடத்தில் தடுப்பை உடைத்து, முதல் பாய்ச்சல் வெளியே கொட்டிய பிறகு, மீதியை ஆள் உள்ளே இறங்கி, கம்பியில் இழுக்கும் பெரிய பலகையால் வாரி வெளியே தள்ள வேண்டும். தூசி மூக்கையும் கண்ணையும் அடைக்கும் வேலை. இவ்வளவு சிரமத்தையும் அரை நூற்றாண்டுக்கு மேல் சகித்துக்கொண்டதற்குக் காரணம், அறுவடை முடிந்ததும் அதே பெட்டியில் மேசை நாற்காலியோ சோப்போ ஏற்றி வேறெங்காவது அனுப்பிவிடலாம் என்பதுதான். தானியத்துக்கென்றே ஒரு பெட்டி செய்தால் ஆண்டில் பாதி நாள் அது சும்மா நிற்குமே என்று கணக்குப் போட்டார்கள். கணக்காளனாக எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. உள்ளே இறங்கி வாரியவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

பழப் பெட்டிகளின் கதை வேறு. யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும் சேர்ந்து 1906-இல் உருவாக்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சு நிறப் பெட்டிகளில், இரு முனைகளிலும் பனிக்கட்டி அறைகள் இருந்தன. வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் உயர்ந்த மேடைமேல் ஆட்கள் நின்று, கூரைத் திறப்புகள் வழியாகக் கட்டி கட்டியாக ஐஸ் போட்டார்கள். இறைச்சிக்கானவை தனி வகை. கூரையில் கொக்கித் தண்டவாளம் இருக்கும், ஐஸோடு உப்பும் சேர்ப்பார்கள். உயிருள்ள கால்நடைக்குச் சட்டமே இருந்தது. 28 மணி நேரத்துக்கு மேல் பெட்டிக்குள் அடைத்து வைக்கக் கூடாது, இறக்கித் தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்க வேண்டும். உடைமையாளர் எழுதிக் கேட்டால் 36 மணி வரை நீட்டலாம். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, “மாட்டுக்கு இருக்கிற சட்டம் விமானத்தில் வருகிறவர்களுக்கு இல்லையே” என்றாள் மனைவி.

இத்தனை விதமான பெட்டிகளையும் போகுமிடம் வாரியாகப் பிரித்தது ஹம்ப் யார்டு. சிறு மேட்டின் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டால், பெட்டிகள் தம் எடையாலேயே உருண்டு உரிய தடத்தில் போய்ச் சேரும். முன்பு பிரேக்மேன் பெட்டியின் மேல் ஏறிக் கைச்சக்கரத்தைத் திருகி வேகத்தைக் கட்டுப்படுத்தினார். இந்தியானாவின் ஹாமண்ட் நகரில் கிப்சன் யார்டில் 1924-இல், சக்கரத்தை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் ரிடார்டர்கள் பொருத்தப்பட்ட பிறகு அந்த ஆபத்து படிப்படியாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகைப்படக் கலைஞர் ஜாக் டெலானோ சிகாகோவின் ப்ரொவைசோ யார்டில் அரசுக்காக எடுத்த வண்ணப் படங்கள் இன்றும் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன; பெட்டிக் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாகத் தெரியும்.

1961-இல் சதர்ன் ரயில் நிறுவனம் 100 டன் கொள்ளும் அலுமினிய மூடு ஹாப்பர்களைக் கொண்டுவந்து தானியக் கட்டணத்தை வெகுவாகக் குறைக்க முனைந்தது. கட்டண வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதன் பின் 40 அடிப் பெட்டிகளின் காலம் மெல்ல முடிந்தது.

பெரியவர் தள்ளாமையால் வருவதை நிறுத்திக்கொண்ட பிறகும் நான் தன்னார்வலனாகப் போய்வருகிறேன். ஒரு பெட்டிக்கு மறுபடி வண்ணம் பூசும்போது எந்த ஆண்டின் தோற்றத்தில் எழுதுவது என்ற பூசல் கட்டாயம் வரும். போன முறை ஒரு சாரார் 1949 என்றார்கள், மற்றவர்கள் 1956 என்றார்கள். பெட்டியின் அடியில் இருந்ததோ பழைய ‘கே’ வகைப் பிரேக். அந்தப் பிரேக்குடன் ஒரு பெட்டி அடுத்த நிறுவனத்தின் பாதைக்குப் போவது 1953-உடன் தடையாகிவிட்டது என்று விதியை எடுத்துக் காட்டினேன். 1949 என்று முடிவாயிற்று. வெற்றெடையையும் சுமை வரம்பையும் கூட்டிச் சரிபார்க்கும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள்.