பெயரைக் கடலில் போட்டவள்

ஏதென்ஸிலிருந்து எலெஃப்சினாவுக்குப் போகும் சாலைக்கு இன்றைக்கும் 'இயெரா ஓதோஸ்' என்றே பெயர். புனித வழி. சுமார் 20 கிலோமீட்டர். ஒரு காலத்தில் பக்தர்கள் மிர்ட்டில் இலைக் கொத்தும் கையுமாக, இயாக்கஸ் தெய்வத்தை அழைத்து 'இயாக்கே! இயாக்கே!' என்று கோஷமிட்டுக்கொண்டு பாதயாத்திரை போன வழி. நான் போனது பேருந்தில். இறங்கும்போது கடல் பக்கமிருந்து எண்ணெய் ஆலை வாடை. அம்மன் இருந்த ஊருக்கு இப்படி ஒரு கதியா என்று கொஞ்சம் மனசு சுருங்கியது.

அம்மன் என்றால் டிமீட்டர், விளைச்சலின் தாய். மகள் பெர்செபோனியைப் பாதாள ராஜா தூக்கிப் போய்விட, தேடி அலைந்தவள் வந்து அமர்ந்த ஊர் இது. மகள் திரும்பி வரும்வரை பூமியில் ஒரு விதை முளைக்கவிடவில்லை. ஊரின் பழைய பெயர் எலூசிஸ். இங்கே நடந்த ரகசிய தீட்சை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்தது. உள்ளே என்ன காட்டினார்கள் என்பதை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வந்த பவுசேனியஸ் கிரேக்கக் கோயில்களையெல்லாம் விலாவாரியாக எழுதியவர். இங்கே மட்டும், மதிலுக்குள் இருப்பதை எழுதாதே என்று கனவில் உத்தரவாகிவிட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

தீட்சைக்கு இரண்டு நிபந்தனை: கையில் கொலைப் பாவம் இருக்கக் கூடாது, கிரேக்க மொழி புரிய வேண்டும். அடிமைக்கும் பெண்ணுக்கும்கூட இடமுண்டு. ஆனால் மொழி தெரியாதவனுக்கு வாசலோடு சரி.

அப்படிப்பட்ட கோயிலின் உள்வாசலில் கொட்டை எழுத்தில் லத்தீன் கல்வெட்டு! கி.மு. 54இல் ரோமின் கான்சலாக, அதாவது தலைமை ஆட்சியாளராக, இருந்த அப்பியஸ் கிளாடியஸ் புல்கர் நேர்ந்துகொண்டு கட்டத் தொடங்கிய வாசல் அது. தேவியரின் பெயரைக்கூட சீரிஸ், புரோசர்பினா என்று ரோம வழக்கத்தில்தான் பொறித்திருக்கிறார்கள். தரையில் குனிந்து பார்த்தேன். கனத்த கதவு திறந்து மூடி அரைவட்டமாகத் தேய்த்த தடம் பளிங்கில் அப்படியே இருக்கிறது. விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது.

அந்த வாசலைத் தாங்க, தலையில் பூஜைப் பேழை சுமந்த இரண்டு கல் பெண்கள். ஒருத்தி இங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். இன்னொருத்தியை ஊர்க்காரர்கள் வயலைக் காக்கும் சாமியாகவே வைத்திருந்தார்கள். கோயில் அழிந்து, மதம் மாறி, துருக்கியர் ஆட்சியும் வந்த பிறகுங்கூட அவள் கழுத்துவரை எருவைக் குவித்துக் கும்பிட்டிருக்கிறார்கள். 1801இல் ஓர் ஆங்கிலேயர் அவளைக் கப்பலேற்றினார். ஊர்க்காரர்கள் எச்சரித்தபடியே இங்கிலாந்துக் கரைக்கு அருகில் கப்பல் உடைந்தது. ஆனாலும் சிலையை மீட்டார்கள். இப்போது கேம்பிரிட்ஜில் நிற்கிறாள்.

வெளிவாசல் இன்னும் பெரிது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் வாசலை அப்படியே அச்செடுத்த மாதிரி ரோமப் பேரரசர்கள் கட்டியது. அதன் முகப்பிலிருந்து விழுந்த வட்டச் சிற்பம் தரையில் கிடக்கிறது. கவசம் அணிந்த பேரரசர் மார்பளவில். மார்க்கஸ் ஆரேலியஸ் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். முகம் சிதைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வளைவுகளில் கிரேக்க மொழியில், 'இரு தேவியருக்கும் பேரரசருக்கும், கிரேக்கர் அனைவரும்' என்று பொறித்திருந்தார்கள். சாமிக்கு அடுத்த மூச்சிலேயே ராஜா. யார் அந்த 'கிரேக்கர் அனைவரும்'? ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 131-132இல் ஏற்படுத்திய சங்கத்தின் நகரங்கள். அதில் சேர, நாங்கள் பூர்வீகக் கிரேக்கர் என்று வம்சாவளி காட்ட வேண்டும். சின்ன ஆசியாவின் கிபைரா, தான் ஸ்பார்ட்டாவின் குடியேற்றம் என்று பாத்தியதை சொல்லிக்கொண்டது. நீ கிரேக்கனா இல்லையா என்பதற்கு ரோம ராஜா வைத்த சங்கம் சான்று தருகிறது! எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

ஆனால் கோயிலும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கிளாடியஸ் பேரரசர் இந்தச் சடங்கை ரோமுக்கே கொண்டுபோகப் பார்த்தார், நடக்கவில்லை. தாயைக் கொன்ற நீரோ, பாவிகள் விலகுக என்ற கட்டியக்காரன் குரலுக்குப் பயந்து இந்தப் பக்கமே வரவில்லை.

எனக்குப் பிடித்தவள் ஒரு பூசாரி அம்மா. ஹேட்ரியனுக்குத் தீட்சை தந்தவள். அவளுடைய பாட்டு கல்லில் கிடைத்திருக்கிறது. மார்க்கியானுஸின் தாய், டெமெட்ரியஸின் மகள் என்று தொடங்குகிறாள். சொந்தப் பெயர் இல்லை. பதவி ஏற்றபோதே அதை ஆழத்தில் மறைத்துவிட்டாளாம். எலூசிஸில் தலைமைப் பூசாரிகளின் வழக்கம் அது, பெயரைக் கடலோடு விட்டுவிடுவது. அப்புறம் புராண நாயகர்களை அடுக்குகிறாள்: நான் தீட்சை கொடுத்தது லீடாவின் மைந்தர்களுக்கு இல்லை, வைத்தியம் கண்ட அஸ்கிளேபியஸுக்கு இல்லை, பன்னிரண்டு சாகசம் செய்த ஹெராக்கிளீஸுக்கும் இல்லை, நிலத்துக்கும் கடலுக்கும் அதிபதியான ஹேட்ரியனுக்கு! தன் பெயரை மறைத்தவள் அவன் பெயரை மறைக்கவில்லை. இது ராஜ விசுவாசமா, உலகாளும் ராஜாவும் என் முன்னால் வந்து நின்றான் என்ற செருக்கா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஏதென்ஸுக்கு அவன் அள்ளிக் கொடுத்ததையும் மறக்காமல் சேர்த்திருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

தீட்சை மண்டபம் சுமார் 50 மீட்டர் சதுரம், ஒரு காலத்தில் 42 தூண்கள். இப்போது அடித்தளங்களும் பாறையில் வெட்டிய படிக்கட்டுகளும் மட்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோமப் பேரரசு கிறிஸ்தவமான பிறகு, சட்டம் போட்டு வழிபாட்டை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை வந்து இடித்தது.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது மேலே குன்றிலிருந்து மணியோசை. அங்கே மாதாவுக்குச் சின்னக் கோயில், 'மெசோஸ்பொரித்திசா': விதைப்புக் காலத்து நடுவில் வருபவள். நவம்பர் 21 அவளுடைய திருநாள், நான் போனது அதற்கு முந்தைய நாள். சாயங்காலம் ஊரே ரொட்டியும், கோதுமையும் பயறுகளும் கலந்து வேகவைத்த பொலிஸ்போரியாவுமாக மலையேறியது. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த பிறகு, மகளோடு வந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கிரேக்கத்தில் ஏதோ கேட்டார். புரியவில்லை என்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே ஒரு காகிதக் கோப்பையை நீட்டினார். கோதுமை, கொண்டைக்கடலை, திராட்சை, நாலைந்து மாதுளை முத்து. இன்னும் சூடு ஆறவில்லை.