கவாத்துக்குப் பின்

ஆகஸ்ட் 25, திங்கள்

மேல் காட்டுத் தேயிலைக்கு இன்று கவாத்து ஆரம்பம், செடியை வெட்டித் தாழ்த்துகிற வேலை. அரை ஏக்கர்தான். ஐந்து வருஷம் வெட்டாமல் விட்டதில் செடி இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. பறித்தால் பாதி மொட்டே இல்லாத முற்றல் இலை. கத்தியை ஒரே இழுப்பில் சரிவாக இழுக்க வேண்டும், பட்டை கிழியக் கூடாது. மாலையில் போய் நின்றேன். பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை, முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கிறது. இனி மூன்று நான்கு மாதத்துக்கு இங்கிருந்து ஒரு கிலோ இலைகூட ஃபேக்டரிக்குப் போகாது.

இந்தக் குறிப்பையும் இன்றே தொடங்குகிறேன். பத்தொன்பது வயதில் குன்னூரில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அழுது என்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தேன். மறுநாளிலிருந்து வேறு ஆளாகிவிடுவேன் என்று நம்பினேன். இப்போது ஐம்பத்திரண்டு. கோபம் அப்படியே இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் கீழ் வீட்டுக்காரரோடு பேச்சு நின்று மூன்று வருஷம். அந்த ஆள் நான் பிறந்த வயிற்றில் பிறந்தவர்தான். பெயரை எழுதக் கை வரவில்லை.

தீர்மானம் பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஐந்து மணி, பைபிளில் ஒரு சங்கீதம், அந்த ஒரு பெயரைச் சொல்லி ஜெபம்.

செப்டம்பர் 6, சனி

வெட்டின கிளைகளில் பாசி சுரண்டினோம். சாக்குத் துணியை இறுக்கிப் பிடித்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் பொலபொலவென உதிர்கிறது; நகக்கண்ணெல்லாம் கறுப்பு. வேலைக்கு வந்த அக்கா சொன்னார்: "வெட்டினா மட்டும் ஆச்சாம்மா? பாசி மூடிக் கெடந்தா மொட்டு எது வழியா வரும்?"

பன்னிரண்டு நாளில் எட்டு நாள் எழுந்தேன். சங்கீதம் சுலபமாக வருகிறது. பெயரிடம் வந்ததும் தாடை இறுகிவிடுகிறது. பெயரை மட்டும் சொல்லி ஆமென் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். கர்த்தர் அதை ஜெபம் என்று எடுத்துக்கொள்வாரா தெரியவில்லை. நான் கொண்டுபோக முடிந்தது அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆராதனையில் யோவான் சுவிசேஷம் 15-ம் அதிகாரம். கனி கொடாத கொடியைப் பிதா அறுக்கிறார். கனி கொடுக்கிற கொடியை, இன்னும் அதிகம் கொடுக்கும்படி சுத்தம்பண்ணுகிறார். எத்தனை தடவை கேட்ட வசனம்! கத்தி இரண்டுக்கும் உண்டு என்பது இன்றுதான் உறைத்தது. நான் வெட்டு என்றாலே தண்டனை என்று எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

கவாத்துக்கு முன்னால் பென்சில் கனத்துக்கு ஒரு வேரை நறுக்கி ஐயோடின் விட்டுப் பார்த்தோம். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, செடி வெட்டைத் தாங்கும். மாறாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் செடி செத்துப்போகும். என் வேரையும் அவர் பார்த்திருக்கிறார். பிரசங்கத்தின் பாதி எனக்குக் காதில் விழவில்லை, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆறு நாள் எழவில்லை. குளிர், அசதி. இன்று எழுந்தேன்.

அக்டோபர் 11, சனி

கேத்தியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் இங்கே ஊழியம் தொடங்கியது 1846-ல். இந்த மலையின் படுகர் மக்களில் முதல் ஞானஸ்நானம் 1858-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம், குறிஞ்சி ஒரு முறை பூத்து மறுமுறை பூக்கிற காலம். மெட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி ஹட்டி ஹட்டியாக, படுகர் ஊர் ஒவ்வொன்றாக, நடந்திருக்கிறார். பேசிவிட்டு, ஒருவரும் சேராமல், மறுநாளும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். ஏழாம் வருஷத்தில் ஒரு காலையில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு அந்த முதல் ஞானஸ்நானத்தைவிட அந்த ஏழாம் வருஷத்துக் காலைதான் பெரிதாகத் தெரிகிறது.

அக்டோபர் 22, புதன்

மொட்டு!

கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. வெட்டுவாய்க்குக் கீழே, கிழட்டுப் பட்டையைப் பிளந்துகொண்டு, உடைத்த அரிசி அளவில் இளஞ்சிவப்பாக ஒன்று. பக்கத்துக் கிளையில் மூன்று. முந்தாநாளும் இதே வழியாகத்தான் நடந்தேன். அன்றும் இருந்திருக்கும்.

நவம்பர் 8, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது. ராத்திரி மழையில் மேட்டு மண் சரிந்து குழாய் உடைந்துவிட்டது. காலையில் வேலி ஓரம் நின்று தம்பி பெண்சாதியிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். அவளுக்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. என் சத்தம் எனக்கே எதிர்மேட்டிலிருந்து திரும்பி வந்தது. எழுபது நாள் ஜெபம் எங்கே போயிற்று?

மத்தியானம் சோறு இறங்கவில்லை. நாலரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலிலேயே நின்று, "காலைல நான் கத்துனது தப்பும்மா" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது, யாரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

மூன்று வருஷத்தில் அந்தப் படியில் கால் வைத்தது இன்றுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

மேல் காட்டில் முதல் கிள்ளு. உயரம் அளந்த குச்சியை நட்டு, அதற்கு மேலே வந்ததை மட்டும் கிள்ளினோம். ஆசைப்பட்டு இறங்கிக் கிள்ளினால் செடி அகலாது. பதினோரு கிலோ. நாலு மாதத்துக்கு இது ஒன்றுமில்லைதான். ஆனால் கூடையில் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். அந்தப் பச்சை வாசனைக்குக் கணக்கு கிடையாது.

டிசம்பர் 14, ஞாயிறு

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்டில் "கீழ் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறேன். நவம்பரில், அதுவும் கத்தின அன்றைக்கு, "தம்பி" என்று இருக்கிறது. மாற்றி எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

இன்று காலை ஜெபத்தில் அவன் பெயருக்குப் பதில் "குட்டான்" என்று வாயில் வந்தது. அம்மா கூப்பிட்ட பெயர். இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆமென் சொல்ல வெகுநேரம் ஆயிற்று.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எதிரே வந்தான். "சளி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்லக்கா" என்றான்.

குழாய் இன்னும் சரியாகவில்லை. குடத்தில்தான் எடுத்து வருகிறோம். கீழ்க் காட்டுக்கு வருகிற ஆகஸ்டில் கவாத்து.