மூன்றாம் மாடியிலிருந்து மழைக்காலக் குறிப்புகள்

2025 மே 18, ஞாயிறு

தங்கை மகள் இன்று பெகுவிலிருந்து வந்து சேர்ந்தாள். ரங்கூனில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது, இனிமேல் என்னோடுதான் இருப்பாள். கீழே வாசலுக்கு நாலு மணிக்கே வந்துவிட்டாள். மாடி ஏறி வந்தது நாலரைக்கு. அரை மணி நேரம் தூறலில் நின்றிருக்கிறாள்.

நடு ரங்கூன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பார், நாம் மேலே தூக்கிக்கொள்வோம். விருந்தாளி வந்தாலும் இழுக்க வேண்டியது அதே கயிறுதான். எங்கள் வாசலில் ஏழு கயிறுகள். நம்முடையது பச்சை என்று அவளுக்குச் சொல்ல மறந்திருக்கிறேன். போனிலும் சார்ஜ் இல்லை, பெகுவில் நேற்று முழுக்க மின்சாரம் கிடையாதாம்.

"வேற வீட்டு மணியை அடிச்சுட்டா என்ன நினைப்பாங்க பெரியம்மா?"

எட்டிப் பார்ப்பார்கள். மூன்றாம் மாடி அக்காவா, பச்சைக் கயிறு என்பார்கள். அவ்வளவுதான் பாப்பா என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள், நம்பவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாய், இடி, பல்லி, லிஃப்ட், தெரியாதவரோடு போனில் பேசுவது, கடையில் மீதிச் சில்லறை கேட்பது. வயது இருபத்து மூன்று. இந்த நாட்டில் இப்போது பெரிய பயங்கள் உண்டு, அவற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை. சின்னதையாவது இறக்கி வைக்கலாம். நடப்பதை இங்கே எழுதிக்கொண்டு வருகிறேன், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் உதவட்டும்.

மே 20, செவ்வாய்

ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கட்டில் ஆடுது பெரியம்மா."

ஆடவில்லை. ஆனால் அவளைக் குறை சொல்ல முடியாது. மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம் 12:50-க்கு வந்த பூகம்பத்தின் அளவு 7.7. சகாய்ங், மண்டலே பக்கம் எத்தனையோ குடும்பங்கள் போயின. நாங்கள் தெற்கே இருந்து தப்பித்தோம். அதற்குப் பிறகு தலை சுற்றுவது போலவும் தரை நகர்வது போலவும் நிறையப் பேருக்கு இருக்கிறது. என் கடைக்கு மிளகாய் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி அவள் தலைமாட்டு அலமாரியில் வைத்தேன். ஆடுகிற மாதிரி இருந்தால் அதைப் பார். தண்ணீர் அசையாமல் இருந்தால் திரும்பிப் படு. அசைந்தால் தலையைக் கையால் மூடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போ, என்னையும் கூப்பிடு. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சாட்சி. மூன்றரைக்கு நான் எழுந்தபோது டம்ளர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மே 24, சனி

இடி. எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது அர்ச்சுனன் பேர் பத்து. அர்ச்சுனன், பல்குனன், பார்த்தன், கிரீடி, சுவேதவாகனன், பீபத்சு, விஜயன், கிருஷ்ணன், சவ்யசாசி, தனஞ்செயன். மின்னல் வெட்டியதும் ஆரம்பித்து, இடி கேட்கும்போது எந்தப் பேரில் இருக்கிறோம் என்று பார்க்கச் சொன்னேன். நிதானமாகச் சொன்னால் பேருக்கு ஒரு விநாடி ஆகும். சத்தம் ஒரு மைல் வர ஐந்து விநாடி. சுவேதவாகனனில் இடித்தால் ஒரு மைல், தனஞ்செயனில் இடித்தால் இரண்டு மைல். இடி காதில் விழுகிற தூரம் என்றாலே வீட்டுக்குள் இருக்கவேண்டும், ஜன்னலை விட்டுத் தள்ளி, பிளக்கைப் பிடுங்கி. அதில் சலுகை கிடையாது. உள்ளே வந்துவிட்டால் அப்புறம் பேர் சொல்வதுதான் வேலை. இன்று பீபத்சுவைத் தாண்டிவிட்டாள், சத்தமாகவே சொன்னாள்.

ஜூன் 2, திங்கள்

வேலைக்கு முதல் நாள். ஆறு மணிக்குக் கிளம்பியவள் ஆறு ஐந்துக்குத் திரும்பி வந்துவிட்டாள். தெருமுனையில் நாய்கள்.

ரங்கூனில் தெருநாய் இல்லாத தெரு கிடையாது. புண்ணியம் என்று பர்மாக்காரர்கள் மீந்த சோற்றை முனையில் வைப்பார்கள், அதனால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு கூட்டம் நிரந்தரம். எங்கள் முனையில் நாலு. தலைவன் செம்பட்டை, இடது காது கிழிந்தது, வெற்றிலைக் கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருப்பான்.

அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நான் சொன்னது இவ்வளவுதான். ஓடாதே, ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். கண்ணுக்குள் பார்க்காதே. நேராக நெஞ்சைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள். கையைத் தொங்கவிடு, வீசாதே. மூடிய குடையை உனக்கும் அதற்கும் நடுவில் தாழ்த்திப் பிடி, ஓங்காதே. கிட்டே வந்து மோந்தால் மோக்கட்டும், அது அடையாளச் சீட்டு பார்க்கிறது. குட்டி போட்ட நாய் என்றால் மட்டும் எதிர்ப்பக்கம் மாறிப் போய்விடு.

செம்பட்டை எழுந்து வந்தான். பாப்பாவின் பாவாடை ஓரத்தை மோந்தான், செருப்பை மோந்தான், குடை நுனியை மோந்தான். அவள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பிறகு அவன் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பெஞ்சுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டான். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

விளையாட்டில்லாத ஒன்றையும் சொன்னேன். கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் பத்து, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருபோதும் இருக்காதே. இதைத் தெரிந்துகொண்டால் பயம் கூடும் என்பார்கள். அவளுக்குக் குறைந்தது, ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்று இப்போது தெரியும்.

ஜூன் 5, வியாழன்

சமையலறைச் சுவரில் பெரிய பல்லி. ஊரில் இருக்கும் சின்னப் பல்லி அல்ல, முழ நீளத்துக்குப் புள்ளி போட்டது. தன் பேரைத் தானே கத்தும், பர்மியப் பேரே அதுதான்: தௌத்தே. 2021 மே மாதம் குஜராத்தில் கரையேறிய டவ்தே புயல் ஞாபகம் இருக்கும். மியான்மர் கொடுத்த பெயர், இந்தப் பல்லிதான். அதைக் கையால் பிடிக்காத வரைக்கும் அது நம்மைக் கடிக்காது, கரப்பான்பூச்சியைத் தின்று தீர்க்கும். தலையில் விழுந்தால் தோஷம் என்று கேட்டாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டவர்களுக்கு அந்தத் தோஷம் இல்லை என்பார்கள், நான் தொட்டிருக்கிறேன், என் பக்கத்தில் படுத்துக்கொள் என்றேன். சரி என்றாள்.

ஜூன் 14, சனி

இரண்டு வாரமாக ஆபீஸில் லிஃப்ட் இருந்தும் ஏழு மாடி நடந்தே ஏறியிருக்கிறாள்! மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்றால் கயிறு அறுந்து விழும், உள்ளே காற்று தீர்ந்துவிடும் என்று எண்ணம்.

இன்று அரை நாள் வேலை. நானும் போனேன். லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பிரேக்கை விலக்கிப் பிடிப்பதற்குத்தான் மின்சாரம். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தானாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் போனால் நிற்கும், விழாது. 1854-லேயே நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் என்பவர் ஜனங்கள் பார்க்க மேடையில் ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொல்லியிருக்கிறார், பிடிப்பு தாங்கியது. பெட்டி காற்றுப் புகாத டப்பாவும் இல்லை, மேலேயும் கதவோரத்திலும் இடைவெளி உண்டு. நின்றுவிட்டால் மணியை அழுத்திவிட்டுத் தரையில் உட்காரவேண்டும், கதவை நெம்பக் கூடாது. நெம்பி இறங்கப் பார்ப்பதில்தான் ஆபத்து.

முதலில் ஒரு மாடி மட்டும் போய் இறங்கினோம். அப்புறம் இரண்டு. மூன்றாம் தடவை அவளே தனியாக. ஏழாவது மாடிக்கு இன்னும் போகவில்லை, அவசரமில்லை.

ஜூன் 27, வெள்ளி

"இந்தத் தெருவில் எல்லாருக்கும் என் மேல என்ன சந்தேகம் பெரியம்மா? கீழே இறங்கினாலே எங்கே போறேன்னு கேக்கிறாங்க."

பெகுவில் அவர்கள் இருந்தது முழுக்கத் தமிழர் வீடுகள். கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்பார்கள். பர்மாக்காரர்களுக்கோ "பெ த்வா மலோ லே?" என்பது வணக்கம் சொல்வது மாதிரி. நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லையா? அவர்களுக்கு உன் விலாசம் வேண்டாம். "டீ நாலே பா", இங்கே பக்கத்தில்தான் என்று சொல்லிச் சிரி, போதும். மண்டலேவுக்கே போனாலும் அதே பதில்தான்.

டீக்கடையிலும் ஒரு சங்கடமாம். பையனைக் கூப்பிட மற்றவர்கள் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுகிறார்கள், அவளால் முடியவில்லை. மேஜையில் சும்மா வைத்திருக்கும் வெறும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பெண்கள் "மௌங் லே" என்று கூப்பிடலாம், தம்பி என்று அர்த்தம். எனக்கு அந்தச் சத்தத்தை விட இதுதான் மரியாதையாகத் தோன்றுகிறது.

ஜூலை 11, வெள்ளி

மூன்று நாளாகத் தெப்பமாக நனைந்து வருகிறாள். குடை எங்கே என்றேன். பையில் என்றாள். பையில் இல்லை.

ஆபீஸில் கூட வேலை செய்கிற ஒரு பெண் போன மாதக் கடைசியில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், திருப்பித் தரவில்லை. பாப்பாவுக்கு அவள் அப்பா வாங்கிக்கொடுத்த குடை. "கேட்க ஆநாடே பெரியம்மா."

பர்மாவில் பிறந்த நம் எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும். ஆ என்றால் பலம், நா என்றால் வலி. பிறரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று நமக்கு வலிப்பது. தமிழில் தாட்சண்யம் என்பதற்குக் கிட்டத்தட்ட வரும். நல்ல குணம்தான், இந்த ஊரில் சண்டை சச்சரவு இல்லாமல் இவ்வளவு நெருக்கமாக மாடிமேல் மாடியாக வாழ்கிறோம் என்றால் அதனால்தான். ஆனால் குடை என்பது மழைக்காலத்தில் மருந்து மாதிரி. நானே ஒரு தோழிக்கு வளைகாப்புக்குக் கொடுத்த பித்தளை அண்டாவை இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்டாதான் தெரிந்தது. கேட்ட அன்றே கொடுத்துவிட்டாள். போன இரண்டு வருஷ நட்பைத்தான் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

ராத்திரி இருவரும் தரையில் உட்கார்ந்து தனியா ஆய்ந்தோம். கடைக்கு நாளைக்கு மூன்று வீசை வேண்டும். கல்லையும் காம்பையும் ஒதுக்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தோம், நான்தான் அந்த ஆபீஸ் பெண்.

முதல் தடவை: "அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு வேணும்னா பரவாயில்லை, எனக்கு அப்படி ஒண்ணும் அவசரமில்லை..." நான் பாதியில் நிறுத்தினேன். இப்படிக் கேட்டால் நானே தரமாட்டேன்.

நாலு தடவை ஆயிற்று. கடைசியில் வந்து நின்றது இதுதான் (அமா என்றால் பர்மியத்தில் அக்கா): "அமா, என் குடை நாளைக்கு எனக்கு வேணும், கொண்டு வர்றீங்களா?" மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, நாள் மட்டும் இருக்கிறது. இதை நேரில், தனியாக இருக்கும்போது, சிரித்த முகத்தோடு சொல்லவேண்டும். இன்னொருத்தர் மூலம் சொல்லி அனுப்புவது கூடவே கூடாது, அதுதான் மனதைப் புண்படுத்தும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். அந்த மௌனம்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மௌனம் வரும்போதெல்லாம் தனியாவைக் கை நிறைய அள்ளி முறத்தில் மெதுவாக விடச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

குடை வந்துவிட்டது. உடைந்திருந்த ஒரு கம்பியை அந்தப் பெண் சரிசெய்தும் வைத்திருக்கிறாள். பாப்பாவிடம் இன்னொரு குடை இருக்கும் என்று நினைத்தாளாம். இருவரும் சேர்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

காளி கோயிலில் ஒரு தெரிந்த அம்மா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, எப்போ கல்யாணச் சாப்பாடு என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. வேலை எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்பதில்லை. ஆனால் பாப்பா முந்திக்கொண்டாள்: "வாஸோ மாசப் பௌர்ணமி முடிஞ்சிடுச்சே, தடிஞ்சூட் மாசம் வரைக்கும் பர்மாக்காரங்க கல்யாணம் வைக்க மாட்டாங்க. நமக்கும் ஆடி பிறந்தாச்சு. இப்ப எந்தப் பக்கமும் முகூர்த்தம் இல்லை அத்தை." அந்த அம்மா சிரித்து, விபூதி பூசிவிட்டுப் போய்விட்டார்கள். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் புளியோதரை, தேங்காய்ச் சாதம். பெய்து ஓய்ந்த நேரம். பச்சைக் கயிற்றின் மணி அடித்தது, எனக்குக் கையெல்லாம் எண்ணெய். பாப்பா பால்கனிக்கு ஓடினாள்.

கீழே ஒரு சின்னப் பையன், பத்து வயது இருக்கும், பையோடு நின்றான். தப்பான கயிறு. ஐந்தாம் மாடி வீட்டுக்கு வந்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

"அது சிவப்புக் கயிறு தம்பி," என்று பர்மிய மொழியில் கத்தினாள். "இரு, நான் காட்டுறேன்." நான் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பதற்குள் மூன்று மாடியும் இறங்கி, செம்பட்டையைத் தாண்டி, அவன் பக்கத்தில் நின்று சிவப்புக் கயிற்றை அவன் கையில் கொடுத்திருந்தாள்.