மூன்று ஆல்பங்கள், மூன்று விதமான கேட்பு

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959) ஜாஸுக்குள் நுழைய இன்றும் நல்ல வாசல். அதன் முதல் பாடலான 'சோ வாட்' 16 பார் (தாளச் சுற்று) டி டோரியன் என்ற ஸ்வர வரிசையில் நிற்கும். அடுத்த 8 பார் அப்படியே அரைச்சுரம் மேலே ஏறும். கடைசி 8 பாரில் பழைய இடத்துக்கே இறங்கும். டோரியன் என்பது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான். அதனால் கர்நாடக இசை கேட்ட காதுக்கு அந்த ஏற்றம் உடனே பிடிபடும்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். முதல் ஒலிப்பதிவு அமர்வில் பதிவு செய்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது; அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது, பழைய எல்பியின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி கூடி ஒலிக்கும். கூடவே வாசித்துப் பழகுபவர்களுக்கு இது பெரும் தொல்லை. 1990களின் மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள்.

மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) நல்ல இசை, மோசமான ஒலி. அளவுக்கு மீறிச் சத்தத்தை ஏற்றியதில் ஒலி அலைகளின் உச்சி வெட்டுப்பட்டு, டிரம்ஸ் கரகரக்கிறது. வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்காகத் தந்த ஒலிக் கலவை இதைவிட எவ்வளவோ தெளிவு.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஹெட்போனில் கேட்க வேண்டியது. முதல் முறை வி.எஸ்.நரசிம்மனின் வயலினை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை கீழே, தாழ்ந்த ஸ்வரங்களில் நடக்கும் பேஸை.