பெசன்ட் நகரில் ஒரு வீடு

5 ஜனவரி 2025, ஞாயிறு

வீட்டுக்காரர் மார்ச் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் மகன் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாராம், நியாயம்தான். பதினொரு வருடம் சென்னை பெசன்ட் நகரில் வாடகைக்கு இருந்தாயிற்று. இந்த முறை வாங்கிவிடலாம் என்று ராத்திரி இவரும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புரோக்கர் சொன்ன மூன்று புது ஃபிளாட்டுகளும் மூன்று கோடிக்கு மேல். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மிச்சம் இருப்பது பழைய ஹவுசிங் போர்டு வீடுகள்தான்.

கொழுந்தனார் ஓ.எம்.ஆர். பக்கம் பார்க்கச் சொல்கிறார். அதே பணத்துக்கு லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் கிடைக்கும். ஆனால் எனக்கு விடிகாலை எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை நடந்து திரும்ப வேண்டும். 29சி பஸ் ஏறினால் மயிலாப்பூர் போய்விட வேண்டும். இதற்கு விலை உண்டு என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

12 ஜனவரி, ஞாயிறு

ஒரு வீடு பார்த்தோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 780 சதுர அடி. ஒரு கோடியே 30 லட்சம் சொல்கிறார்கள்.

கடற்கரை ஓரத்து வீட்டில் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி உப்பி, சிமென்ட்டைக் கீழே தள்ளும். ஒட்டடைக் குச்சியின் அடிப்பக்கத்தால் அறை அறையாகத் தட்டிக்கொண்டே போனேன். கூடத்தில் கெட்டியாக ‘டொக்’ என்றது. சமையலறை மூலையில் மட்டும் பானையைத் தட்டியதுபோல் சத்தம். இன்னொரு தட்டு தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செங்கல் நிறத்தில் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. குளியலறை ஜன்னல் கிரில்லை விரலால் அழுத்தினாலே உதிர்கிறது.

ஆனாலும் வீடு பிடித்துவிட்டது. நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது மொத்த மனையில் இந்த வீட்டுக்குச் சேரும் அளவு, 520 சதுர அடி வருகிறது. புது அடுக்குமாடிகளில் இதே அளவு வீட்டுக்கு இதில் பாதி கிடைத்தாலே பெரிது. சுவருக்கு வயதாகும். இந்த ஊரில் நாம் காசு கொடுப்பது மண்ணுக்குத்தான். நாளைக்கே பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து இடித்துக் கட்டினாலும் கணக்கில் நிற்பது அந்த 520தான்.

25 ஜனவரி, சனி

பத்திரங்களின் நகலை வக்கீலிடம் கொடுத்திருந்தோம். இன்று கூப்பிட்டார்.

1978இல் குலுக்கலில் ஒதுக்கீடு. மாதத் தவணை கட்டி முடித்து 1991இல் கிரயப் பத்திரம். இணையத்தில் வில்லங்கம் 1975 முதலே கிடைக்கிறது, போட்டுப் பார்த்தாயிற்று, அடமானம் எதுவும் இல்லை. வாங்கியவர் 2014இல் காலமாகிவிட்டார். உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்: மனைவி, மகன், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள்.

விற்க வந்திருப்பது அம்மாவும் மகனும் மட்டும். மகளைப் பற்றிக் கேட்டதற்குப் புரோக்கர், “அவங்க விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடுவாங்க மேடம். கல்யாணத்துக்கே நாப்பது பவுன் போட்டாச்சாம். உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது” என்றார்.

வராதுதான். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்த விடுதலைப் பத்திரம் பதிவானால் எனக்குச் சுத்தமான கிரயம் என்று வக்கீலும் சொல்கிறார். ஆனால் இது அப்பா சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சொத்து. பூர்வீகச் சொத்தில் பங்கு வரத்தான் தமிழ்நாட்டில் பெண்கள் 1989 வரை காத்திருந்தோம். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். 1994இல் செய்யாறு பக்கம் தாத்தா சொந்தமாக வாங்கிய இரண்டு ஏக்கருக்கு என் அம்மா விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். பத்திர எழுத்தர் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். மாமா எங்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார், ஒரு பட்டுப்புடவையும் எடுத்துக்கொடுத்தார். மாமா கெட்டவர் இல்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அந்தப் புடவையைத்தான் ஜரிகைக்காக விற்றாள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

இவரிடம் பேசிவிட்டு, அந்த வீட்டு மகனுக்கு நானே போன் செய்தேன். மூன்று பேரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும், பணம் மூன்று பேர் பெயரிலும் தனித்தனி டி.டி.யாகத் தருவோம், அப்படியானால் வாங்குகிறோம் என்றேன். “எங்க குடும்ப விஷயத்துல நீங்க ஏங்க தலையிடறீங்க?” என்றார். கோபம் புரிகிறது. அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்வது அவர்தான். “நீங்க அவங்ககிட்ட கேட்டு, அவங்களே வேண்டாம்னு சொன்னா அது வேற. இதுவரைக்கும் கேட்டீங்களா?” என்றேன். போனை வைத்துவிட்டார். வீடு கைவிட்டுப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

13 பிப்ரவரி, வியாழன்

பதில் இல்லை. ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, “வூடு ஆச்சாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சங்கரா எடை போட்டார். கரையில் இந்த வருடம் ஆமைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்குகின்றன. இன்றைக்கும் இரண்டு பார்த்தேன். ஓ.எம்.ஆரில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தோம். நல்ல வீடு. திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

அந்த அம்மாவே போன் செய்தார். எண்பதைத் தொட்ட குரல். “பொண்ணு பேரையும் போட்டுக்கங்கம்மா. அவரு தவணை கட்டினப்ப அவளும் பழைய யூனிஃபார்மைத்தான் போட்டுக்கிட்டுப் போனா” என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் “சரிம்மா, சரிம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

5 மார்ச், புதன்

பதிவு முடிந்தது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 11 லட்சத்து 70 ஆயிரம். விற்பவரின் வரியாக விலையில் பிடித்துக் கட்டும் டி.டி.எஸ். 1% மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கட்டினோம். ஒருவர் பங்கு 50 லட்சத்துக்குக் கீழே வந்தாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று போன அக்டோபரிலிருந்து விதி.

அந்த அம்மாவின் ரேகை கருவியில் விழவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆன விரல். முந்தானையில் துடைத்து, நெற்றியில் லேசாகத் தேய்த்துவிட்டு வைத்தபோது நாலாவது தடவை பதிந்தது. மகன் பக்கத்திலேயே நின்று அவர் கையைப் பிடித்திருந்தார். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது, தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டிய ஆளின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மகளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். டி.டி.யை வாங்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தொகையில் அவர் கண் நிற்கவில்லை, பெயரில்தான் நின்றது.

“என் பேரு மட்டும்தான் போட்டிருக்கு” என்றார்.

“ஆமாங்க்கா.”

இன்னொரு தடவை படித்துவிட்டு, நான்காக மடிக்கப்போனவர், மடிக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டார். என் ஃபைலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தேன்.